தயாராகவும் விருப்பமாகவும்

அந்தக் கவரைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள் டீச்சர். பிரிக்க வேண்டாம். உள்ளே என்ன எழுதியிருக்கும் என்று எனக்கு மனப்பாடம். 'எமது கட்சிக்காரர் ஒப்பந்தத்தில் கண்ட தன் பங்கை நிறைவேற்ற எப்போதும் தயாராகவும் விருப்பமாகவும் இருந்து வந்திருக்கிறார், இப்போதும் இருந்து வருகிறார்.' சரிதானே? ஏழாம் வகுப்போடு நின்றவள் இதை எப்படி ஒப்பிக்கிறாள் என்று பார்க்கிறீர்கள். நானும் ஒரு காலத்தில் இதே வக்கீல் நோட்டீஸை அனுப்பினவள்தான். இதே வீட்டுக்காக.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் குட்டை, எத்தனை தரம் சொல்லியும் ஆசாரி வரமாட்டேன் என்கிறான். இதில் உட்காருங்கள். உங்கள் வீட்டுக்காரர் ஏன் வெயிலில் பைக் பக்கத்தில் நிற்கிறார்? கோபமா? இருக்கட்டும், நியாயம்தான். அட்வான்ஸ் வாங்கியவள் ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு வராமல், ஒருநாள் காய்ச்சல், ஒருநாள் கால்வலி, ஒருநாள் அண்ணன் மகன் வீட்டில் விசேஷம் என்று சொல்லிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? எனக்கும் வந்தது. எனக்கு வந்த கோபத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

காப்பி ஆறிவிடும், குடியுங்கள். பாப்பாவுக்கு பிஸ்கட் இருக்கிறது. பாப்பா எங்கே? பாப்பா, நீ எங்கே வேண்டுமானாலும் விளையாடு, அந்தக் கடைசி அறைக் கதவை மட்டும் தள்ளாதே! இல்லை டீச்சர், பாம்பு பல்லி ஒன்றும் கிடையாது. சுத்தமான அறை. தினமும் பெருக்குகிறேன். வீடு பார்க்க வந்த அன்றைக்கு உங்களுக்குக்கூட வாசலில் நின்றுதான் காட்டினேன். "ஸ்டோர் ரூமா?" என்று கேட்டீர்கள். ஆமாம் என்றேன். பொய் இல்லை. ஒரு வகையில் ஸ்டோர் ரூம்தான்.

நான் ஏமாற்றுக்காரி இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வள்ளியூரில் செல்லக்கனி என்று யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். வாய் நீளம் என்பார்கள், சண்டைக்காரி என்பார்கள், வாக்கு மாறுகிறவள் என்று ஒருத்தரும் சொல்லமாட்டார்கள்.

அப்போது நாங்கள் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். வீட்டுச் சொந்தக்காரி நாங்கள் எத்தனை குடம் தண்ணீர் எடுக்கிறோம் என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பாள். என் வீட்டுக்காரர் சிவபெருமாளுக்குச் சைக்கிள் சாமான் கடை. எனக்குப் பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாதவளுக்கு வீடாவது இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. ஆமாம், வெறிதான். என் நகையை விற்று என் பேரில் வாங்குவதாகப் பேச்சு. அதனால் அக்ரிமென்டும் என் பேரில்.

இந்த வீடு மந்திரமூர்த்தி என்பவருடையது. பவர்லூமில் வேலை செய்தவர். மச்சினன் கோயம்புத்தூர்ப் பக்கம் கூப்பிடுகிறான், குடும்பத்தோடு போகப்போகிறோம், விற்கிறோம் என்றார். அவர் பெஞ்சாதி ஆவுடையம்மாள். கையும் காலும் ஒல்லியாக, பேச்சே இல்லாத பொம்பளை. ஒரே மகள், ஒன்பது வயசு, ஈசுவரவடிவு. வடிவு என்று கூப்பிடுவார்கள்.

வீட்டை எங்களுக்குச் சுற்றிக் காட்டியது அந்தப் பிள்ளைதான். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்க, அது முன்னால் ஓடி ஒவ்வொரு கதவாகத் திறந்துவிட்டது. "அத்தை, இது அடுக்களை. புகை வராது. அத்தை, இந்த ஜன்னல்ல மாடு எட்டிப் பாக்கும், பயந்துராதிய." அத்தை, அத்தை என்று அரைமணி நேரத்தில் நூறு அத்தை. கடைசியில் அந்தத் தென்மேற்கு அறை. அதில் நெல் குலுக்கை ஒன்று இருந்தது, மண்ணால் செய்தது, ஆள் உயரம். அதற்கும் சுவருக்கும் நடுவில் ஓர் இடுக்கு. வடிவு அதற்குள் நுழைந்துகொண்டு தலையை மட்டும் நீட்டியது.

"இதான் அத்தை நான் ஒளியுத இடம். ஒருத்தரும் கண்டுபிடிக்க முடியாது. நாங்க போன பொறவு நான் எங்க ஒளிய?"

எனக்கு என்ன சொல்லத் தெரியும்? வீடு கிடைக்கப்போகிற சந்தோஷம். குனிந்து, அதன் காதுக்குள் சொன்னேன். "ஏளா, நீ எப்ப வேணும்னாலும் இங்கயே வந்து ஒளிஞ்சுக்கோ. நான் யார்ட்டயும் சொல்லமாட்டேன்." அது சிரித்தது. முன்பல் ஒன்று விழுந்து பாதி முளைத்திருந்தது.

அவ்வளவுதான். பிள்ளையிடம் விளையாட்டாகச் சொன்னது. நீங்களும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் ஆயிரம் சொல்லுவீர்கள்.

அக்ரிமென்ட் எழுதினோம், அவரும் ஆவுடையம்மாளும் கையெழுத்துப் போட்டார்கள். அட்வான்ஸ் கொடுத்தோம். ஆறு மாசத்துக்குள் கிரயம் என்று பேச்சு. அந்த ஆறு மாசத்துக்குள் ஊரில் ஒரு காய்ச்சல் வந்தது. தெருவுக்கு இரண்டு மூன்று பேர் படுத்தார்கள், எல்லாரும் எழுந்தார்கள். வடிவு எழவில்லை.

போனேன், போகாமல் இருப்பேனா? அழுதேன். எனக்கும் மனசு உண்டு. துக்கம் முடிந்து ஒரு மாசம் பேசவே இல்லை, அதையும் சொல்ல வேண்டும். பிறகுதான், "கிரயத்தை என்றைக்கு வைத்துக்கொள்ளலாம்?" என்று என் வீட்டுக்காரரை விட்டுக் கேட்கச் சொன்னேன். மந்திரமூர்த்தி இரண்டு நாள் கழித்து எங்கள் கடைக்கு வந்தார். விற்க மனசில்லை, அட்வான்ஸைத் திருப்பித் தருகிறேன் என்றார். நான் முடியாது என்றேன். சரி, விற்கிறேன், ஆனால் ஆவுடையம்மாள் ஒன்று கேட்கிறாள், அதைக் கிரயத்தில் எழுத வேண்டும் என்றார்.

உங்களுக்குத் திருச்சிப் பக்கம், தெரியாது. எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஆகாமல் போய்ச் சேர்ந்த பெண்பிள்ளையை அப்படியே விட்டுவிடமாட்டார்கள் டீச்சர். வீட்டுக் கன்னி என்று வைத்துக் கும்பிடுவார்கள். தென்மேற்கு மூலையில் ஓர் ஓலைப்பெட்டி. அதற்குள் அந்தப் பிள்ளை அளவுக்கு ஒரு பாவாடை சட்டை, கண்ணாடி வளையல், பவுடர், சாந்துப் பொட்டு. வருஷத்துக்கு ஒருதரம், ஆடிக் கடைசி வெள்ளியில் புதுசு வைத்து, மாவிளக்கு இடித்துப் படைப்பார்கள். பிள்ளை அந்த வீட்டிலேயே இருக்கும் என்று நம்பிக்கை. ஆவுடையம்மாள் பெட்டி வைத்துவிட்டாள். அதே அறையில், அந்தக் குலுக்கை இடுக்கில்.

அவள் கேட்டது என்னவென்றால், வீடு உங்களுக்கு, ஆடிக் கடைசி வெள்ளிக்கு மட்டும் நான் வந்து பாவாடை வைத்துவிட்டுப் போகிறேன், ஒரு பொழுது. அந்த உரிமையைக் கிரயத்தில் எழுதுங்கள்.

இவர் சரி என்றார். "ஒரு பொழுதுதானட்டி. வந்துட்டுப் போட்டும்." இவர் எப்போதும் இப்படித்தான். கடையில் கடன் சொன்னவனுக்கெல்லாம் டியூப் கொடுத்து அனுப்புகிற ஆள்.

நான் விடவில்லை. இந்த வருஷம் பாவாடை என்பாள், அடுத்த வருஷம் பொங்கல் வைக்கிறேன் என்பாள், அதற்கடுத்து அக்கா தங்கச்சி எல்லாரையும் கூட்டி வருவாள், ஒருநாள் சாமி வந்து ஆடுவாள். கடைசியில் என் வீட்டில் நான் வாடகைக்காரி ஆகிவிடுவேன். நகையை விற்று வாங்குகிற வீட்டில் ஒரு மூலை அடுத்தவளுக்கா? அக்ரிமென்டில் அப்படி ஒன்றும் இல்லையே! நான் சொன்னது தப்பா? நீங்களே சொல்லுங்கள். படித்தவர்கள்.

பாப்பா, அங்கே என்ன சத்தம்? ஓ, டம்ளரா. பரவாயில்லை, உருட்டி விளையாடட்டும்.

தளவாய் வக்கீலிடம் போனோம். அப்படி எழுதாமல் விற்கமாட்டேன் என்றால் விடுங்கள், கோர்ட்டே விற்கவைக்கும் என்றார். நட்டஈடு வாங்கிக்கொண்டு போ என்று சொல்லாதா என்று கேட்டேன். "வீடுங்கது அரிசி மூட்டையாம்மா, இந்தக் கடையில இல்லன்னா அந்தக் கடையில வாங்க? பேசுன வீட்டையே கேக்கலாம். சொன்னதச் செய்யின்னு கோர்ட்டு உத்தரவு போடும். ஒண்ணே ஒண்ணு, நீங்க கடைசி வர தயாரா இருந்தியன்னு காட்டணும். சாட்சிப் பெட்டில ஏறுனா அத மட்டும் சொல்லுங்க. வேற கதை பேசாதிய."

அதை மட்டும்தான் சொன்னேன். தயாராக இருந்தேன், தயாராக இருக்கிறேன். வாடகை வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போதுகூட வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருப்பேன். மீதிப் பணத்தைக் கோர்ட்டிலேயே கட்டினோம். நாலு வருஷம் போனது.

ஆவுடையம்மாள் சாட்சி சொன்ன நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தளவாய் வக்கீல் அக்ரிமென்டைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார். "இதுல இருக்கது உங்க கையெழுத்துதான? இதுல எங்கயாவது மூலை, பெட்டி, பாவாடைன்னு எழுதியிருக்கா?"

அவள் தலையைத் தூக்கவில்லை. "அது எம்புள்ள உயிரோட இருக்கும்போது எழுதுனதுல்லா அய்யா."

ஜட்ஜ் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எங்களைப் பார்த்து, ஒருநாள்தானே, சமரசமாகப் போகக்கூடாதா என்று கேட்டார். இவர் எழுந்திருக்கப் பார்த்தார். நான் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். தயாராகவும் விருப்பமாகவும் இருக்கிறவள் நான். சொன்னதைச் செய்யாதவள் அவள். நான் எதற்குச் சமரசம் போக வேண்டும்?

தீர்ப்பு எங்கள் பக்கம். கிரயம் செய்துகொடுக்க வேண்டும் என்று உத்தரவு. அவர்கள் வரவில்லை. மறுபடி மனுப் போட்டோம். அவர்களுக்குப் பதிலாகக் கோர்ட்டே ஆள் வைத்துக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தது. என் பத்திரத்தில் மந்திரமூர்த்தி கையெழுத்தும் இல்லை, ஆவுடையம்மாள் கையெழுத்தும் இல்லை. யாரோ ஓர் ஆபீஸர். அழகான கையெழுத்து.

சாவி வாங்கக் கோர்ட் அமீனோடு வந்தோம். தெருவே கூடி நின்றது. ஒருத்தி, "வந்துட்டா மகராசி" என்றாள், காதில் விழட்டும் என்றே. ஆவுடையம்மாள் ஒரு சாமான் விடாமல் எடுத்து வண்டியில் ஏற்றினாள். துணி காயப்போடும் கொடிக்கயிறு, அடுப்பங்கரை ஆணி, மாடத்தில் கிடந்த பாதி மெழுகுவர்த்தி, எல்லாம். குலுக்கையை எடுக்க முடியாது, அது மண். பெட்டி அந்த இடுக்கிலேயே இருந்தது.

"அந்தப் பெட்டியையும் எடுத்துட்டுப் போம்மா!" என்று சத்தம் போட்டேன். அவள் அந்த அறைக்குள் போனாள். கொஞ்சநேரம் உள்ளே இருந்தாள். வெறுங்கையோடு வந்தாள். என் பக்கத்தில் வந்து நின்று மெதுவாக ஒன்று சொன்னாள். என்ன சொன்னாள் என்பதைப் பிறகு சொல்லுகிறேன். இப்போது வேண்டாம்.

இந்த வீட்டில் பேய் என்று நான் சொல்லவே இல்லை டீச்சர். உங்கள் வீட்டுக்காரரிடம் போய் அப்படிச் சொல்லிவிடாதீர்கள். பதினோரு வருஷமாக இருக்கிறேன். ஒரு பாத்திரம் தானாக விழுந்ததில்லை. கொலுசுச் சத்தம் கேட்டதில்லை. ஒன்றே ஒன்று, அந்த அறைக் கதவை முழுக்கச் சாத்தினால் எனக்கு இருப்புக்கொள்ளாது. ஒரு சாண் திறந்து வைத்தால்தான் மற்ற வேலை ஓடும். மூச்சு முட்டக்கூடாது இல்லையா? யாருக்கு என்று கேட்காதீர்கள்.

முதல் ஆடி வந்தது. பெட்டி அப்படியே இருக்கிறது, தூக்கிப் போட எனக்குக் கை வரவில்லை, இவரைப் போடச் சொன்னால் காதிலேயே வாங்கவில்லை. சரி, நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் என் தலையில்தான் விழும் என்று, ஒரு பாவாடை வாங்கப் போனேன். எங்கள் குடும்பத்தில் கன்னி கிடையாது. எங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகள் எல்லாரும் கல்யாணம் முடித்து, பட வேண்டியதெல்லாம் பட்டு, பிறகுதான் செத்தார்கள். எனக்கு முறை தெரியாது. யாரிடமாவது கேட்கலாம். ஆனால் கேஸ் போட்டு ஜெயித்தவள், போய்ப் பாவாடை வைக்க முறை கேட்டால் தெருவில் சிரிக்கமாட்டார்களா?

ஜவுளிக்கடையில் கேட்டார்கள். "பிள்ளைக்கு என்ன வயசும்மா?"

மனசுக்குள் கணக்குப் போட்டேன். செத்தபோது ஒன்பது. கேஸ் நாலு வருஷம். "பதிமூணு" என்றேன். அவர் கால்வரைக்கும் வருகிற பச்சைப் பாவாடை ஒன்றை எடுத்து விரித்தார். வாங்கிக்கொண்டு வந்து, பெட்டியில் இருந்த பழசை எடுத்தேன். என் முட்டுக்குக்கூட வரவில்லை அது. எனக்குச் சிரிப்பு வந்தது. அட பாவமே, இத்தனை நாள் இதையா போட்டுக்கொண்டிருந்தாய் என்று கேட்டேன். வாய்விட்டுத்தான் கேட்டேன்.

அடுத்த வருஷம் தாவணி. கடைக்காரர், "மக வளந்துட்டா போல, வடிவம்மா" என்றார். பிள்ளை பெயரைக் கேட்டபோது ஒருதரம் சொல்லியிருந்தேன். அன்றிலிருந்து அந்தக் கடையில் நான் வடிவம்மாதான். நான் திருத்தவில்லை. எதற்கு வீண் பேச்சு?

தாவணி வைத்த அன்றைக்கு உளுந்தங்களி கிண்டினேன். கருப்பட்டி, நல்லெண்ணெய், ஏழு நாளும். வயசுக்கு வந்த பிள்ளைக்கு இடுப்பு உரம் வேண்டும் இல்லையா? இவர் படைத்ததில் ஓர் உருண்டையை எடுத்துத் தின்றுவிட்டு, எண்ணெய் இன்னும் விடலாம் என்றார். அவ்வளவுதான்.

இவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தினமும் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு, "கடைக்குப் போயிட்டு வாரேன், என்ன?" என்பார். நானும் அடுக்களையில் இருந்து, "சரி, சரி" என்பேன். இவர் இறந்த பிறகு ஒருநாள், இவர் நிற்கிற இடத்தில் நின்று செருப்பு மாட்டினேன். அங்கிருந்து அடுக்களை தெரியாது. முகத்துக்கு நேரே அந்த அறைதான். ஒரு சாண் கதவு. இத்தனை வருஷமும் என்னிடம்தான் சொல்லிக்கொண்டு போகிறார் என்று நினைத்திருக்கிறேன், பாருங்கள்.

நெஞ்சுவலிதான். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள். எங்கள் மாமனாருக்கும் அப்படித்தான்.

தனியாக இருக்கிறீர்களே, தூத்துக்குடிக்கு வந்துவிடுங்கள் அத்தை என்று அண்ணன் மகன் ஒரே நச்சரிப்பு. எனக்கும் முடியவில்லை. படி ஏற முட்டி வலிக்கிறது, இந்தத் தெருவில் பேச்சுத்துணைக்கு ஒருத்தி கிடையாது. கேஸ் ஜெயித்த நாளில் இருந்து எனக்குச் சுண்ணாம்பு கடன் கொடுக்கக்கூட ஆள் இல்லை. ஆகையால் விற்கலாம் என்று முடிவு செய்தேன். நீங்கள் வந்தீர்கள். நல்ல மாதிரி தெரிந்தீர்கள். அட்வான்ஸ் வாங்கினேன். வாங்கும்போது தயாராகவும் விருப்பமாகவும்தான் இருந்தேன் டீச்சர். சத்தியமாக.

அன்றைக்குச் சாயங்காலம் பெட்டியைத் திறந்து, நாம் போகப்போகிறோம் என்று சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். சொல்ல வரவில்லை. நான் கூட்டிக்கொண்டு போகலாமா, அவள் வருவாளா, வந்தால் அண்ணன் மகன் வீட்டில் வைக்க விடுவார்களா? அவன் பெண்டாட்டி என் ஊறுகாய் ஜாடியைக்கூட வெளியே வைக்கிறவள். யோசித்து யோசித்து, பெற்றவளே வந்து கூப்பிட்டுக்கொண்டு போவதுதான் முறை என்று தோன்றியது.

தளவாய் வக்கீலிடம் போனேன். வயசாகிவிட்டது அவருக்கு. "அந்த ஆவுடையம்மா வந்து பிள்ளையக் கூட்டிட்டுப் போகணும்னு கோர்ட்ல ஓர் உத்தரவு வாங்க முடியுமா அய்யா?" என்று கேட்டேன். இருமல் வரும்வரைக்கும் சிரித்தார். "யம்மா, பாடுதேன்னு அட்வான்ஸ் வாங்கிட்டு வராத பாட்டுக்காரனையே பாடுலேன்னு கோர்ட்டு கட்டாயப்படுத்தாது. மனசு வச்சு செய்ய வேண்டியத உத்தரவுல வாங்க முடியாது. கையெழுத்துன்னா வேற ஆள வச்சுப் போட்டுரலாம். அம்மைக்குப் பதிலா எந்த ஆபீஸர் போயி 'வா மக்கா'ன்னு கூப்பிடுவான்?"

அதனால் நானே போனேன். அவர்கள் கோயம்புத்தூருக்கெல்லாம் போகவில்லை. கோவில்பட்டியில் இருக்கிறார்கள். கடலைமிட்டாய் கம்பெனியில் வேலை. கம்பெனி வாசலில் நின்றேன். ஆவுடையம்மாள் வெளியே வந்தாள். தலை முழுக்க நரை. என்னைப் பார்த்ததும் ஏசுவாள் என்று நினைத்து நானும் பதிலுக்கு நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். அவள் ஏசவில்லை. கையில் ஒட்டியிருந்த பாகைச் சேலையில் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"பாவாடை வைக்கியளா?"

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஒரு வருஷம் தவறவில்லையே! "பாவாடையா? பாவாடை காலமெல்லாம் போச்சுல்லா. தாவணி வச்சு, களி கிண்டிக் குடுத்து, இப்ப நாலஞ்சு வருஷமா சேலைதான். போன ஆடிக்கு அரக்குல பட்டு. மாம்பழ பார்டர். பிள்ள நெறத்துக்கு எடுப்பா இருக்கும்."

அவள் முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்குப் புரியவில்லை டீச்சர். சந்தோஷப்படுவாள் என்றுதானே நினைப்போம்?

"சேலையா?" என்றாள். "எம்புள்ளைக்கு ஒம்பது வயசு."

"அப்ப ஒம்பது. இப்ப இருந்தா…"

"கன்னி வளராதுக்கா. அது போன வயசுலயேதான் இருக்கும். அதே அளவு பாவாடைதான் வருசா வருசம் வைக்கணும். நீங்க வளத்துட்டியளே." அவள் அழவில்லை, கேட்டீர்களா, அழவே இல்லை. "நான் வந்து கூப்பிட்டா இப்ப யாரு வருவா? எனக்குத் தெரிஞ்ச புள்ள, பாதிப் பல்லு மொளச்ச புள்ள. பட்டுச்சேலை கட்டிக்கிட்டு நிக்கவள எனக்குத் தெரியாது. அவ ஒங்க புள்ள. நீங்களே வச்சுக்கிடுங்க."

திரும்பிப் போய்விட்டாள். கம்பெனிக்குள்ளே. இத்தனை வருஷம் செய்ததற்கு ஒரு நன்றி உண்டா? ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டாளா? இதுதான் எனக்கு ஆறவில்லை. பஸ்ஸில் வரும்போது எல்லாரும் பார்க்க அழுதேன். பக்கத்தில் இருந்தவள் "மக வீட்டுலேந்து வாரியளா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அப்போதுதான் அவள் சாவி கொடுத்த அன்றைக்குச் சொன்னது ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது என்ன, மறந்தால்தானே. இதுதான் சொன்னாள்: "கூப்பிட்டுப் பாத்துட்டேன். வரமாட்டேங்கா. அத்தை இங்கயே ஒளிஞ்சுக்கச் சொல்லியிருக்காவளாம். யார்ட்டயும் சொல்லமாட்டாவளாம்."

உயிரோடு இருந்தபோது பிள்ளை அம்மையிடம் சொல்லியிருக்கும், அதை வைத்துக்கொண்டு என்னைப் பயமுறுத்துகிறாள் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். பகலில் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் எழுதின பேச்சுக்குத்தான் கோர்ட்டில் மதிப்பு, வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை என்று தளவாய் வக்கீல் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளைக்கு அது தெரியாது போலிருக்கிறது.

ஆகவே விஷயம் இதுதான். வீட்டை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு வேண்டாம். ஆடிக் கடைசி வெள்ளிக்கு மட்டும் நான் தூத்துக்குடியில் இருந்து வந்து ஒரு சேலை வைத்துவிட்டுப் போகிறேன். ஒரு பொழுது. உங்களுக்குத் தொந்தரவே இருக்காது, காப்பிகூட நான் வெளியில் குடித்துக்கொள்கிறேன். அதை மட்டும் கிரயத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

என்ன சொன்னீர்கள்? கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்.

ஆமாம். அக்ரிமென்டில் அப்படி ஒன்றும் இல்லைதான்.

சரியான பேச்சு டீச்சர். உங்கள் மேல் எனக்கு வருத்தமே இல்லை. இதே வார்த்தையைத்தான் நானும் சொன்னேன். ஆனால் இது வேறே விஷயம், நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். ஆவுடையம்மாள் கேட்டது செத்துப்போன பிள்ளைக்கு. நான் கேட்பது அப்படியா? என் கண் முன்னால் வளர்ந்த பிள்ளை. இருபத்து நாலு வயசு. இந்த வயசில் ஒரு பெண்ணைத் தெரியாதவர்கள் வீட்டில் எப்படி விட்டுவிட்டுப் போவது?

அப்படியானால் நான் கையெழுத்துப் போடவில்லை. கேஸ் போடுங்கள். ஜெயிப்பீர்கள், நானே சொல்லுகிறேன். தளவாய் வக்கீல் முடியாது என்றால் அவர் மகன் இருக்கிறான், கெட்டிக்காரன். சாட்சிப் பெட்டியில் ஏறினால் ஒரே வார்த்தை, வேறு கதை பேசாதீர்கள். எனக்குப் பதிலாக யாரோ ஒருவர் அழகாகக் கையெழுத்துப் போட்டுத் தருவார். அமீன் வருகிற அன்றைக்கு நான் சண்டை போடமாட்டேன். சாமானை எடுத்துக்கொள்வேன். கொடிக்கயிற்றை அவிழ்த்துக்கொள்வேன். கடைசியாக அந்த அறைக்குள் போய் ஒருதரம் கூப்பிடுவேன். வருவாளா தெரியவில்லை. பெற்றவள் கூப்பிட்டே வரவில்லை. நான் அத்தைதானே.

பாப்பா சத்தத்தையே காணோமே. பாப்பா! டம்ளர் உருளுகிற சத்தமும் இல்லை. எங்கே போனாள்?

அந்தக் கதவு. டீச்சர், நான் ஒரு சாண்தானே திறந்து வைத்திருந்தேன்?

உஷ், இருங்கள். சிரிக்கிறாள். குலுக்கைப் பக்கத்தில் இருந்து சத்தம் வருகிறது. யாரோடு பேசுகிறாள்? இல்லை, நம்மைத்தான் கூப்பிடுகிறாள். உங்களைத்தான் கேட்கிறாள், கேட்கிறதா? "அம்மா, இது நம்ம வீடா ஆனதும் நான் இங்க ஒளிஞ்சுக்கட்டுமா?"

காப்பியைக் கீழே வையுங்கள் டீச்சர். எழுந்திருங்கள். உள்ளே போய்ப் பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அடியுங்கள், கொஞ்சுங்கள், மிட்டாய் வாங்கித் தருகிறேன் என்று சொல்லுங்கள், என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

சரி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.